வெள்ளம் குடிக்காத வண்டி

இரும்பு விரிசல் விடும்போது பெரிய சத்தம் வருவதில்லை. காய்ந்த ஈர்க்குச்சியை ஒடித்தால் கேட்குமே, அவ்வளவுதான். அதன் பிறகு ஆவி சீறும். ஆவிதான் சத்தம் போடும்.

அமரவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே ஆலுமூட்டு ஏற்றத்தின் உச்சியில், மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், அந்தச் சின்னச் சத்தத்தை இரண்டு பேர் கேட்டோம். ஒருவன் நான். இன்னொருவன், காலி வாளியோடு எனக்கு எதிரே நின்ற செல்லப்பன். சுற்றி நின்றவர்களுக்கு ஆவி மட்டும்தான் தெரிந்தது.

"வெள்ளம்!" என்று கத்தியது நான். எங்கள் பக்கம் தண்ணீருக்கு அதுதான் பெயர். ஊற்றியது செல்லப்பன். பந்தயத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு கார் அந்த இடத்திலேயே செத்தது. அதைக் கொன்றது யார் என்று கூட்டம் கேட்டபோது எல்லாக் கைகளும் செல்லப்பன் பக்கம் நீண்டன. நான் குனிந்து என்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உப்பளத்து நாட்களைப் பற்றிப் போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "எந்த ஊரிலும் தங்காமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். ஓரிடத்திலாவது நிலைத்துவிட வேண்டும் என்று தோன்றவே இல்லையா?" தோன்றியது. அமரவிளையில். அங்கே நிலைக்க ஆசைப்பட்டதால்தான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். அதைத்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

புகை கண்டால்

நாலாம் வகுப்புக்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. போகச் சொல்ல ஆளும் இல்லை. உப்பளம், ரப்பர்த் தோட்டம் என்று சுற்றிவிட்டு, தெற்கேயிருந்து உப்பும் ஓடும் ஏற்றிக்கொண்டு திருவனந்தபுரம் போகும் ஒரு லாரியில் கிளீனராக ஒட்டிக்கொண்டேன். ஆறு வருஷம்.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காது. லாரியின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டி, கரி எரித்து, அந்த வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். விடிவதற்கு முன் எழுந்து அடுப்பு மூட்டுவது கிளீனர் பாடு. என் இமை முடி இரண்டு தடவை பொசுங்கியது. திரும்ப முளைத்தது. அதிலொன்றும் வருத்தமில்லை.

கிளீனர் படிக்க வேண்டிய முக்கியமான பாடம் ஒன்றுதான். ஏற்றம் ஏறி முடித்ததும் வண்டியின் முன்பக்கம் புகையும். உடனே "வெள்ளம்!" என்று கத்த வேண்டும். கீழே குதித்துவிட்டுக் கத்தக் கூடாது. கத்திக்கொண்டே குதிக்க வேண்டும். தாமதித்தால் டிரைவர் ஸ்பானரை எறிவார். என் டிரைவருக்கு நல்ல குறி.

அதனால் ஒவ்வொரு ஏற்றத்தின் உச்சியிலும் லாரிக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஓர் ஆள் இருப்பான். ஆலுமூட்டில் அந்த ஆள் செல்லப்பன். முப்பது வயதிருக்கும். தொண்டை பெரியது. ஆலமரத்துக்குப் பின்னால் அவன் வீடும் கிணறும். ஏற்றத்தின் அடியில் வண்டி முனகும் சத்தம் கேட்டாலே இரண்டு வாளி இறைத்து ரோட்டோரம் கொண்டு வந்து நின்றுவிடுவான். கூலி வாங்கமாட்டான். அதற்குப் பதிலாக அவன் வெட்டி வைக்கும் வாழைக்குலைகளை எந்த லாரியும் சும்மா ஏற்றிக்கொண்டு போய் நெய்யாற்றின்கரைச் சந்தையில் இறக்கிக் கொடுக்கும். யாரும் எழுதி வைத்த ஏற்பாடு அல்ல. ஆனால் அதை மீறின டிரைவரை நான் பார்த்ததில்லை.

அவனுடைய அப்பா வீட்டில் மலையாளம், அம்மா வீட்டில் தமிழ். எண்ணுவது தமிழில். வைவது மலையாளத்தில். அப்போதெல்லாம் அதை யாரும் ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டதில்லை.

இரண்டு காது

ஒரு தடவை எங்கள் லாரிக்கு அமரவிளையில் அச்சு முறிந்தது. ரோட்டோரத்தில் ஓலைக் கொட்டகை போட்டு ஜெபமணி மேஸ்திரி பட்டறை நடத்திக்கொண்டிருந்தார். புது அச்சு வர பதினோரு நாள் ஆனது. அந்த நாட்களில் நான் சும்மா இருக்க முடியாமல் அவருக்கு போல்ட் கழுவிக் கொடுத்தேன், டியூப் ஒட்டினேன். லாரி சரியாகிப் புறப்பட்டது. நான் புறப்படவில்லை. மேஸ்திரியும் போகச் சொல்லவில்லை. அப்படியே சில வருஷம் ஓடிவிட்டது.

பட்டறையின் பின்னால் ஒரு சின்னக் கார் நின்றது. வெள்ளறடைக்கு அப்பால் மலைத் தோட்டங்களில் இருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனவை இரண்டு வண்டிகள். இரண்டும் ஒரே சாதி, ஒரே வயது. என்னைவிட மூத்தவை. சீமையில் குமாஸ்தாவும் பாதிரியும் வாங்கும்படியாக மலிவாகச் செய்தவையாம். ஒன்றை மேஸ்திரி வாங்கினார். மற்றதை நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் வக்கீலாக இருந்த பரமேஸ்வரன் சார் வாங்கினார்.

அந்த வண்டிக்கு ரேடியேட்டர் கிடையாது. முன்னால் அதுபோல ஒரு பித்தளைத் தட்டு உண்டு. அது வெறும் அழகுக்கு. இரண்டே சிலிண்டர். பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு காது போல வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். காதைச் சுற்றி அடுக்கடுக்காக இரும்பு மடல்கள். ஓடும்போது அடிக்கிற காற்றே அந்த மடல்களுக்குள் நுழைந்து சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். தண்ணீரே வேண்டாம்.

எனக்கு அது நம்பிக்கையாகவே இல்லை. தண்ணீர் குடிக்காத என்ஜினா? மேஸ்திரி தினமும் என்னைச் சோதிப்பார்.

"எலே, இதுக்கு தாகம் எடுத்தா என்ன கொடுப்பே?"

"காத்து, மேஸ்திரி."

"பின்ன வெள்ளம்?"

"நமக்கு குடிக்க, மேஸ்திரி."

"ம். சூடா இருக்கும்போ ஒரு சொட்டு வெள்ளம் பட்டா இரும்பு விண்டுபோவும். உனக்க தலை விண்டுபோனாலும் ஒட்டிக்கலாம். இது ஒட்டாது."

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம்

பந்தயம் வாக்குவாதத்தில்தான் தொடங்கியது. வக்கீல் சார் ஏதோ ஒரு பெல்ட் மாற்ற வந்தார். ஆலுமூட்டு ஏற்றத்தை யாருடைய வண்டி நிற்காமல் ஏறும் என்று பேச்சு வந்தது. மேஸ்திரி ஸ்பானரைக் கீழே வைத்தார். வக்கீல் சார் தோளில் கிடந்த மேல்முண்டை இடுப்பில் கட்டினார்.

அதன் பிறகு மழையில்லாத ஞாயிறெல்லாம் பந்தயம்தான். மேஸ்திரிக்குக் காலையில் சர்ச். வக்கீலுக்கு மதியம் சாப்பாட்டுக்குப் பின் சிறு தூக்கம். இரண்டும் முடிந்து மூன்று மணிக்குப் பட்டறை வாசலில் இரண்டு வண்டியும் நிற்கும். பாறசாலைச் சந்தை முக்கில் திரும்பி அமரவிளைக்கே வர வேண்டும். வண்டிக்கு இரண்டு ஆள். தோற்றவர் வீட்டில் அன்று ராத்திரி ஜெயித்தவருக்குச் சோறு. மேஸ்திரி தோற்றால் மரச்சீனிக் கிழங்கும் மீனும். வக்கீல் தோற்றால் அவியலும் பாயசமும். சில வாரங்களில் வக்கீல் மீனுக்காகவே வேகமாக ஓட்டுகிறாரோ என்று தோன்றும்.

வேகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இறக்கத்தில் முப்பத்தைந்து மைல் போகும். மட்கார்டு, கதவு, நம் பல் எல்லாம் தனித்தனியாக நடுங்கும். ஏற்றத்தில், சந்தைக்குப் போகிற பெண்கள் கூடவே நடந்து வந்து நலம் விசாரிக்கலாம்.

ஆனால் அந்த ஏற்றத்தில்தான் வித்தை. அந்தப் பருவத்தில் மேற்கேயிருந்து கடல்காற்று வீசும். பாறசாலைக்குப் போகும்போது அது முதுகில் அடிக்கும். பாய்மரத்துக்கு அது நல்லது. இந்த வண்டிக்கு விஷம். மெதுவாக ஏறுகிற வண்டியும் பின்னால் வருகிற காற்றும் ஒரே வேகத்தில் போனால் மடலுக்குள் காற்று எப்படி நுழையும்? உச்சிக்கு வரும்போது காது இரண்டும் செங்கல் நிறமாகிவிடும்.

மேஸ்திரி இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். உச்சியில் ஆலமரத்தடித் திடலில் வண்டியை வட்டமடித்து மேற்கே பார்த்து நிறுத்துவார். நான் குதித்து என்ஜின் மூடியின் இரண்டு பக்கத்தையும் தூக்கிப் பிடிக்க வேண்டும். என்ஜின் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். முகத்துக்கு நேரே காற்று வரும். நூறு எண்ணும்வரை நிற்பது. பிறகு திருப்பி இறக்கத்தில் விடுவது. நூறு எண்ணும் நேரம் நஷ்டம். ஆனால் வண்டி பிழைக்கும். வக்கீல் இப்படி நிற்கமாட்டார். அவர் ஏற்றத்தையே பாதி வேகத்தில் ஏறுவார். யாருடைய வழி சரி என்பது ஒவ்வொரு வாரமும் மாறும்.

நாங்கள் நிற்கும்போதெல்லாம் செல்லப்பன் வாளியோடு வந்து நின்று கேலி செய்வான். "மேஸ்திரியே, ஒரு வாய் கொடுக்கட்டா உங்க பிள்ளைக்கு?"

"இது உனக்க வெள்ளம் குடிக்காதுடே. போ அந்தாலே."

"குடிக்காத்த பிள்ளை வளருமா?"

அவனுக்குத் தெரியும். இந்த வண்டிக்குத் தண்ணீர் ஆகாது என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். அதுதான் பிறகு அவனுக்கு வினையானது.

நாலு நாலு பேராக

இதற்கிடையில் நாடு இரண்டுபட்டுக்கொண்டிருந்தது. மலையாள நாட்டோடு இருந்த தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம். தெற்கே துப்பாக்கி வெடித்து ஆட்கள் செத்திருந்தார்கள். நெய்யாற்றின்கரைத் தாலுகா எந்தப் பக்கம் என்பதுதான் எங்கள் ஊரில் பேச்சு. ரோட்டுப் பலகைகளில் மலையாள எழுத்தின்மேல் தார். பிறகு தமிழ் எழுத்தின்மேல் தார். வழி தெரியாத லாரிக்காரர்கள் இரண்டு மொழியிலும் வைதார்கள்.

போராட்டம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆபீசில் ஒரு மனு கொடுக்க அடுத்தவன் மொழியைத் தேட வேண்டியிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பகுதியில் இளைஞர்களுக்குத் தலைவனாக இருந்த வின்சென்ட் நல்ல பையன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். தடியடியில் ஒரு விரல் வளைந்துபோயிருந்தது. சிறைக்குப் போய் வந்தவன், அதைப் பெருமையாகச் சொன்னதில்லை.

ஆனால் பந்தயம் அதற்குள் இழுக்கப்பட்டுவிட்டது. மேஸ்திரி வண்டி தமிழ் வண்டி, வக்கீல் வண்டி மலையாள வண்டி என்று யாரோ தொடங்கிவைத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்தபோது எங்கள் வண்டியில் ஒரு கொடியும் இரண்டு நோட்டீசும் இருந்தன. வக்கீல் வண்டியிலும் ஏதோ துணி கட்டியிருந்தது.

"ஜெபமணி, இதொக்கெ நம்முடெ வண்டிக்கு எந்தினாடோ?" என்றார் வக்கீல், கொடியைக் காட்டி.

"நான் ஒட்டல்ல சாரே. ஒட்டியிருக்கானுவ."

"எனிக்கும் அங்ஙனெ தன்னே." அவர் கதையும் அதேதான்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் இரண்டு பேரில் ஒருவரும் தன் வண்டியில் இருந்ததைக் கழற்றவில்லை. அதை நான் கவனித்தேன். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள்.

கூட்டம் கூடக் கூடாது என்று போலீஸ் உத்தரவு இருந்தது. ஐந்து பேர் சேர்ந்தால்தான் கூட்டம், நாலு பேர் சேர்ந்தால் அது வெறும் நாலு பேர் என்று வக்கீல் விளக்கம் சொல்லியிருந்தார். அதனால் வழிநெடுக ஆட்கள் நாலு நாலாக, நடுவில் இடம் விட்டு நின்றார்கள். நல்ல இடமான ஆலுமூட்டு உச்சியில் மட்டும் அந்தக் கணக்கு தப்பிப்போனது.

"எங்க மேஸ்திரிக்க வண்டி தமிழாக்கும்!" என்று ஒருவன் கத்தினான்.

"ரெண்டு வண்டியும் இங்கிலீஷாக்கும் மக்கா," என்றார் வெற்றிலைக் கடைக்காரர்.

அன்று காலையில் மேஸ்திரி என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்: "இண்ணைக்கு நல்லபடியா ஓடி வந்தா, நாளைக்கு உனக்கு லைசென்சுக்கு எழுதித் தாறேன். பட்டறைக்க பின்னால உள்ள அறை சும்மாத்தானே கிடக்கு. நீ எடுத்துக்கோ." சாவியைக்கூட ஆணியில் காட்டினார். இருபத்து மூன்று வயதுவரை என் பெயருக்கு ஒரு சாவி இருந்ததில்லை. லாரியின் அடியிலும் கடைத் திண்ணையிலும் தூங்கினவன் நான்.

உச்சியில்

ஏற்றத்தின் பாதியிலேயே வக்கீலைத் தாண்டிவிட்டோம். ஆட்கள் கத்துகிறார்கள். முதுகில் காற்று. மேஸ்திரி வழக்கத்தைவிட வேகமாக ஏற்றினார். அவருக்கும் கொடி தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

உச்சியில் வட்டமடித்து நிறுத்தினார். வக்கீல் எவ்வளவு பின்னால் வருகிறார் என்று பார்க்க அவர் இறங்கி ஏற்றத்தின் விளிம்புக்கு ஓடினார். நான் குதித்து மூடியைத் தூக்கினேன். சூடான மடல்மேல் எண்ணெய் சொட்டியிருக்க வேண்டும். முகத்தில் அப்பிக்கொண்டு புகை வந்தது.

"வெள்ளம்!"

நான் யோசித்துச் சொன்ன சொல் அல்ல. ஆறு வருஷத்துப் பழக்கம் என் வாயைத் திறந்து சொன்னது. தமிழ், மலையாளம், இந்த வண்டி, அந்த வண்டி எதுவும் அதற்குத் தெரியாது. புகை தெரியும். அவ்வளவுதான்.

செல்லப்பன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். வண்டிக்காரனே கேட்கிறான். அவனுக்கும் அது பழக்கம்தானே. வாளி எழும்பியது. எனக்குப் புத்தி வந்து கையை நீட்டியபோது தண்ணீர் காற்றில் இருந்தது.

டிக்.

அடுத்த நிமிஷம் வக்கீல் வண்டி எங்களைக் கடந்து இறக்கத்தில் இறங்கியது. அவர் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அத்தனை கத்தலில் என் குரல் யாருக்கும் தனியாகக் கேட்கவில்லை. கூட்டத்துக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நம் வண்டி முன்னால் வந்தது. செல்லப்பன் தண்ணீர் ஊற்றினான். வண்டி நின்றது. மலையாள வண்டி முன்னால் போனது.

"இதுக்கு வெள்ளம் ஆகாதுண்ணு உனக்கு தெரியாதாலே?"

"அறியாம், தெரியும்," என்றான் செல்லப்பன். "பின்ன, கேட்டா கொடுக்கண்டாமா?"

"ஆரு கேட்டா?"

அவன் என்னைப் பார்த்தான்.

நான் குனிந்தேன். இடது காதின் தலையில், மடல்களுக்குக் குறுக்காக, தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. அதையே பார்த்தேன். ஆணியில் தொங்கிய சாவியும் கூடவே ஞாபகம் வந்தது. மறைக்க ஒன்றுமில்லை. அதுதான் ஞாபகம் வந்தது.

"வக்கீலுக்க ஆளுடே இவன்!" என்று ஒரு குரல். அதன் பிறகு குரல்களைப் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு அடி அவன் தோளில் விழுந்தது. வின்சென்ட் குறுக்கே புகுந்து, "கை வைக்காதே, கை வைக்காதே," என்று தடுத்தான். அதனால் செல்லப்பன் தலை தப்பியது. ஆனால் கிணற்றுக் கயிற்றை வெட்டிவிட்டார்கள். வாளிகளைத் தூக்கி ஏற்றத்தின் கீழே உருட்டினார்கள். அவை போகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. இனி எந்தத் தமிழ் டிரைவரும் இவனிடம் தண்ணீர் வாங்கக் கூடாது, இவன் குலையை ஏற்றக் கூடாது என்று அங்கேயே தீர்மானமானது.

திரும்பி வரும் வழியில் வக்கீல் எங்கள் வண்டி நிற்பதைப் பார்த்து நிறுத்தி இறங்கினார். "எந்து பற்றி ஜெபமணி?" என்று, வண்டிக்கு என்ன ஆனது என விசாரித்தார். மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரோ சாணியை எறிந்தார்கள். அது அவருடைய வெள்ளைச் சட்டையில் பட்டது. வக்கீல் அதைத் துடைக்காமலே வண்டியில் ஏறினார். அன்று யாரும் யார் வீட்டிலும் சோறு தின்னவில்லை. பந்தயமும் அதோடு முடிந்தது.

பழுத்துப்போன குலைகள்

மறுநாள் மேஸ்திரி சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீ என்ன செய்வே, மக்கா. உனக்க குற்றம் இல்லியே," என்றார்.

அந்த அறையில் ஒரு கயிற்றுக் கட்டில் இருந்தது. கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட முடிந்தது. எட்டு நாள் அதில் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனச்சாட்சி உறுத்தினால் தூக்கம் வராது என்று எழுதுகிறார்கள். உழைத்தவனுக்கு வரும்.

பகலில்தான் கஷ்டம். ஒரு லாரிக்கு மராமத்து முடித்து, ஓட்டிப் பார்க்க ஏற்றம்வரை போனோம். ஆலமரத்தடியில் ஆறு ஏத்தன் வாழைக்குலைகள் சாத்தி வைத்திருந்தன. பச்சையாக வெட்டியவை மஞ்சளாகி, மஞ்சள் கறுத்து, ஈ மொய்த்தது. பக்கத்தில் செல்லப்பன் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. லாரி ஒவ்வொன்றும் புகைந்துகொண்டே அவனைத் தாண்டிப் போய், இறக்கம் முடிந்து ஒரு வாய்க்காலில் நின்று சேற்றுத் தண்ணீர் மொண்டது.

ஒன்பதாம் நாள் மேஸ்திரி அரம் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"மேஸ்திரி, வெள்ளம் கேட்டது நானாக்கும்."

அரம் நிற்கவில்லை. "எது?"

"அண்ணைக்கு உச்சியில. பொகை கண்டதும் வாயில வந்துது. அவன் நான் கேட்டதுக்குத்தான் ஊத்தினான்."

இப்போது அரம் நின்றது. மேஸ்திரி அதை ஊதித் துணியில் துடைத்தார். கோபக்காரர். எறிவார் என்று எதிர்பார்த்தேன். எறிந்திருக்கலாம்.

"ஒம்பது நாளு," என்றார். "அந்த வக்கீலு எனக்கு பன்னிரண்டு வருஷம் கூட்டு. சாணி பட்ட சட்டையோட போனாரு. நான் பாத்துட்டு நிண்ணேன்." பிறகு கையை நீட்டினார். "சாவிய தா."

கொடுத்தேன்.

"எனக்கிட்ட சொல்லி என்ன கிட்டும்? கயிறு வெட்டினவன்கிட்ட போய்ச் சொல்லு."

நல்ல மனசு

வின்சென்ட் அன்று சாயங்காலம் சர்ச்சுக்குப் பின்னால் நாலைந்து பேரோடு இருந்தான். சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு என் தோளில் கை வைத்தான்.

"உனக்கு நல்ல மனசு. அவன் பட்டினி கிடக்கிறது பொறுக்காம பழிய நீ எடுக்குதே."

"இல்ல அண்ணே. நெசமாக்கும்."

"ஆராவது பயங்காட்டினானுவளா? சொல்லு, பயப்படாதே."

மற்றொருவன் சிரித்தான். "மேஸ்திரிக்க ஆளு, அதுவும் அந்த வண்டியில ஏறினவன், வெள்ளம் கேப்பானாடே? பிராந்தா?"

உச்சியில் நான் பொய் சொல்லவில்லை, சும்மா இருந்தேன். அந்தச் சும்மாவின் மேல் ஒன்பது நாளில் ஒரு வீடே கட்டிவிட்டார்கள். நோட்டீஸ்கூட அச்சடித்தாகிவிட்டது. அதில் செல்லப்பன் பெயர் இருந்தது. இப்போது நான் ஒருவன் வந்து அஸ்திவாரம் இல்லை என்றால் யார் இறங்கிப் பார்ப்பார்கள்?

பின்னாளில் எல்லைக் கோடு கிழித்தபோது நெய்யாற்றின்கரைத் தாலுகா மலையாளப் பக்கமே நின்றுவிட்டது. வின்சென்ட் களியக்காவிளையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து குடியேறினான். பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். அப்போதும் நான் அந்தப் பேச்சை எடுத்தேன். "நீ இன்னும் அதை விடல்லியா?" என்று அன்பாகத்தான் கேட்டான். அப்போதும் நம்பவில்லை.

கயிறு

இருட்டுவதற்குள் ஆலுமூட்டுக்கு நடந்தேன். செல்லப்பன் வீட்டு வாசலில் ஒரு புதுக் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டும் கை நிற்கவில்லை.

"மேஸ்திரிகிட்ட சொன்னேன். வின்சென்டுகிட்டயும் சொன்னேன். அந்தக் கூட்டம்தான் நம்பல்ல."

"நம்பண்டாம்," என்றான். "ஞான் அண்ணு உனக்க மூஞ்சிய பாத்தேன். இப்பம் பறைவான், இப்பம் பறைவான்னு பாத்தேன். உனக்கு என்ஜினுக்குள்ள என்னமோ தங்கம் கண்ட மாதிரி."

"நீ என் பேரச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லி? உனக்கு நேரா கை நீட்டினா எனக்கு ரெண்டு அடி கூடக் கிட்டும். 'தமிழன் மேல பழி போடுதியா'ண்ணு." கயிற்றை இழுத்து முறுக்கினான். பிறகு மலையாளத்தில் என் தாயாரைப் பற்றி ஒன்று சொன்னான். நான் அம்மாவைப் பார்த்ததே இல்லை என்பதால் பெரிதாகப் படவில்லை.

அவன் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்: "அவனை எந்தினா நிறுத்தியிருக்கு? போகச் சொல்லு."

"போகண்டாம்," என்றான் செல்லப்பன். என்னைப் பார்த்து, "நாளைக்குக் காலத்த வா. கயிறு நீ வலிச்சு இறைக்கணும். வண்டி ஒவ்வொண்ணு வரும்போவும், கேட்டது நானாக்கும்ணு நீயே விளிச்சுச் சொல்லணும். வின்சென்டுகிட்ட அல்ல. வண்டிக்காரன்கிட்ட."

போனேன். விடியற்காலையில் தண்ணீர் இறைத்து, செல்லப்பன் எங்கிருந்தோ வாங்கி வந்த இரண்டு ஓட்டை வாளிகளுக்குத் தார் அடைத்து, ரோட்டோரம் நின்றேன். முதல் லாரி வந்தது.

"அண்ணைக்கு வெள்ளம் கேட்டது நானாக்கும்! செல்லப்பன் இல்ல!"

டிரைவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்து ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டான். இரண்டாவது லாரியின் கிளீனர் என்னைப் போலவே கத்திக் காட்டிச் சிரித்தான். அன்று பதினேழு வண்டிக்குக் கத்தினேன். ஒன்றும் நிற்கவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் தொண்டை போய்விட்டது. கையை ஆட்டி என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். சாப்பாடு செல்லப்பன் வீட்டில். அவன் மனைவி வாழையிலையைத் தரையில் போடுவாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். மரச்சீனி மட்டும் குறைவில்லாமல் விழும்.

ஐந்தாம் நாள் வெயில் ஏறின நேரத்தில் ஒரு உப்பு லாரி முனகிக்கொண்டு வந்தது. எனக்குத் தெரிந்த வண்டி. பழைய நாட்களில் அதே பாதையில் ஓடியது. டிரைவர் பொன்னையன், மட்கார்டில் போராட்டக் கொடி கட்டியிருந்தான். உச்சிக்கு வந்ததும் ரேடியேட்டர் மூடி தானே தெறித்தது. இறக்கத்து வாய்க்கால்வரை போகாது. அவனுக்கும் தெரிந்தது. நிறுத்தினான். கீழே இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

எனக்குக் குரல் வரவில்லை. கரகரத்தேன். "கேட்டது... நானாக்கும்."

"எந்த வண்டிக்கு?"

"மேஸ்திரிக்க வண்டிக்கு. பொகை கண்டதும் வாயில வந்துபோச்சு."

பொன்னையன் சிரிக்கவில்லை. அவனும் கிளீனராக இருந்து டிரைவரானவன். ஸ்பானர் எறிகிற கையின்கீழ் வளர்ந்தவன். புகையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

"வரும்," என்றான். "வாயில வரும்."

என் ஆறு வருஷத்தை அவன் ஒரு சொல்லில் புரிந்துகொண்டான் என்று சந்தோஷமாக வாளியைத் தூக்கிக்கொண்டு ரேடியேட்டரை நோக்கி நடந்தேன்.

"நில்லு," என்றான் பொன்னையன். "இத்தனை நாளு வாயடச்சு இருந்தவன் எனக்க வண்டிக்கு ஊத்தண்டாம். அவன் ஊத்தட்டும்."

செல்லப்பன் வந்து என் கையிலிருந்து வாளியை வாங்கினான். என்ஜினை ஓடவிடச் சொல்லிவிட்டு, அவசரப்படாமல், கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் ஊற்றினான். பொன்னையன் இறங்கி வந்து, ஆலமரத்தடியில் அன்று காலை வெட்டி வைத்திருந்த இரண்டு புதுக் குலைகளையும் தானே தூக்கி உப்பு மூட்டைகளின் மேல் சாய்த்து வைத்தான்.

லாரி புறப்பட்டபோது செல்லப்பன் அடுத்த வாளியை இறைக்கப் போய்விட்டான். கயிற்றை நான் பிடிக்க வேண்டுமா என்று கேட்டேன்.

"வேண்டா," என்றான். "நீ விளிச்சுச் சொன்னது எனக்குப் போதும்."

நான் என் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெற்கே நடந்தேன்.